கேசட்டில் இல்லாத பதினோரு நிமிடம்

கேசட் அக்கா வீட்டில் நான் வேலை பார்த்தது ஆறு வாரம். அவருக்கு வலது மணிக்கட்டில் முறிவு, மாவுக்கட்டு. விழுந்ததற்குக் காரணம் கண். இடது கண் மூன்று வருடத்துக்கு முன்பே போய்விட்டது. வலது கண்ணில் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டிருந்தது. இந்த நோயில் ஓரப் பார்வை தங்கிவிடும். எதை நேரே பார்க்கிறோமோ அதுதான் மறையும். அக்கா குளியலறைப் படியை நேரே பார்த்தார், படி மறைந்தது, விழுந்தார். மாதம் ஒரு முறை கண்ணுக்குள் ஊசி போட்டும் நடுவிலிருந்த கறை பெரிதாகிக்கொண்டே வந்தது. இன்னும் சில மாதம் ஓரளவுக்குத் தெரியும், அதற்குமேல் எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

அக்காவுக்கு வயது எழுபத்து நான்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மனைவியை இழந்த தம்பியோடு இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தார். தம்பிக்கு எழுபது. சமையல் அவர் பொறுப்பு. சமைத்ததைவிட அதிகம் பேசினார்.

முதல் நாள் நான் கை கழுவிவிட்டு வந்து நின்றதும் அக்கா கேட்டார். "சிஸ்டர், உங்களுக்கு இங்கிலீஷ் படம் பாக்கிற பழக்கம் உண்டா?"

"எனக்கு உக்கார்ற பழக்கமே இல்லக்கா."

"இனிமே உக்காருங்க. ஒரே நடிகரோட படம் இருபத்தி நாலு வச்சிருக்கேன். கண்ணு இருக்கும்போதே எல்லாத்தையும் இன்னொரு தடவை பாத்துடணும். கட்டு போட்ட கையால கேசட் மாத்த முடியாது. அது உங்க வேலை."

அடுக்களையிலிருந்து தம்பியின் குரல் வந்தது. "சிஸ்டர், அவ நோயாளி இல்ல. நீங்கதான் மாட்டிக்கிட்டீங்க."

இருபத்தெட்டு வருடமாக நர்ஸாக வீடுகளுக்குப் போய் நோயாளிகளைக் கவனிக்கிறேன். பெரும்பாலானவர்களை அவர்களுடைய புண்ணை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். இவரை அப்படி வைக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவு இடத்தில், அக்காவும் தம்பியும் இருபத்திரண்டு வருடம் வீடியோ கடை நடத்தினார்கள். தம்பி உள்ளே உட்கார்ந்து கேசட்டுகளைப் பிரதி எடுப்பார். அக்கா வெளியே நின்று ஆட்களைப் பார்ப்பார். படத்தைப் பார்த்து ஆளுக்குக் கொடுப்பதில்லை, ஆளைப் பார்த்துப் படம் கொடுப்பார். அதில் அவருக்கு ஒரு வைத்தியம் இருந்தது.

"துக்க வீட்டுக்காரங்களுக்குச் சிரிப்புப் படம் கொடுக்கக் கூடாது சிஸ்டர், கோவம்தான் வரும். துப்பறியும் படம் கொடுக்கணும். யார் செஞ்சாங்கன்னு யோசிக்கும்போது மனசு ஒரு அடி நகரும்."

துக்க வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது சரி.

அக்காவுக்கு எட்டாவது வரைதான் படிப்பு. ஆங்கிலம் முழுவதும் அந்த நடிகரிடம் கற்றது. அவர் ஒரு வரி பேசியதும் கேசட்டை நிறுத்தி, திருப்பி ஓட்டி, அகராதியைப் புரட்டி, மறுபடியும் ஓட்டி, அப்படியே ஒவ்வொரு படமும். அதனால் அக்கா ஆங்கிலம் பேசினால் ஓய்வுபெற்ற நீதிபதி பேசுவதுபோல இருக்கும். கண் டாக்டர் அசந்துபோனதை நானே பார்த்தேன்.

நடிகர் பிரிட்டிஷ்காரர். கறுப்பு வெள்ளையில் ஆரம்பித்து, கலர் வந்த பிறகும் பத்து வருடம் நடித்தவர். இறந்தும் நெடுநாள் ஆகிவிட்டது. சண்டை போட மாட்டார், காதலிக்க மாட்டார். ஸ்டேஷன் மாஸ்டர், வக்கீல் குமாஸ்தா, கப்பலை இழந்த கேப்டன் என்று ஓரமாக நிற்கிற ஆளாகவே வருவார். அக்காவுக்கு அவர் வெறும் 'அவர்'தான்.

"புருஷன் பேரைச் சொல்லாத பொண்டாட்டி மாதிரி என்ன 'அவர்'?" என்பார் தம்பி. "எனக்கு அவன் நீளமூஞ்சி."

"நீ ஒரு தடவையாவது கண்ணாடி பாத்திருந்தா அந்தப் பேரை அடுத்தவங்களுக்கு வச்சிருக்க மாட்டே."

கேசட்டுகள் இரும்பு அலமாரியில் இருந்தன. சிலவற்றில் பூஞ்சை பிடித்திருந்தது. தம்பி மூடியைத் திறந்து ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, ஓட்டையில் பென்சிலை விட்டுச் சுற்றிக் கொடுப்பார். பிறகு நான் மாட்டுவேன். முதல் இரண்டு நாளும் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. இந்த மனிதர் ஒன்றுமே செய்யவில்லையே, இதற்கா இவ்வளவு பாடு என்று நினைத்தேன்.

அக்கா தொலைக்காட்சிக்கு மிக அருகில் நாற்காலியைப் போட்டு, முகத்தைத் தேடித் தேடி எரிச்சலடைந்தார். கண் ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுக்கிற ஒரு வழி உண்டு. நேரே பார்த்தால் மறைகிறதா, நேரே பார்க்காதே. மேஜை விளக்கு ஒன்றைத் தொலைக்காட்சிக்கு வலது மேல் பக்கம் அலமாரியில் வைத்தேன். நாற்காலியை நாலடி பின்னால் தள்ளினேன்.

"அவரைப் பாக்காதீங்க. விளக்கைப் பாருங்க. அவர் தானா வருவார்."

"நாப்பது வருஷமா நான் கத்துறது அதைத்தான் சிஸ்டர். அவனைப் பாக்காதே, அவனைப் பாக்காதேன்னு. கேட்டாளா?" என்றார் தம்பி.

பழக இரண்டு நாள் ஆனது. மூன்றாவது நாள் மாலை விளக்கைப் பார்த்தபடியே, "வந்துட்டார்" என்றார் அக்கா.

அன்றைக்கு ஓடிய படத்தில் அவர் கிராமத்து டாக்டர். யாரோ கூப்பிட வருகிறார்கள், எழுந்து கோட்டை மாட்டுகிறார். இடது கையை முதலில் மெதுவாக நுழைத்தார், பிறகு வலது கை.

"அக்கா, நிறுத்துங்க. இவருக்கு இடது தோள்ல வலி" என்றேன்.

"யார் சொன்னா? படத்துல அப்படி ஒண்ணும் இல்லையே."

"யாரும் சொல்ல வேண்டாம். வலிக்கிற கையைத்தான் முதல்ல நுழைக்கணும், கழட்டும்போது கடைசில எடுக்கணும். எங்க பயிற்சில முதல் வாரப் பாடம்."

அடுத்த காட்சியில் கோட்டைக் கழற்றினார். வலது கை முதலில், இடது கை கடைசியில். நாற்பது நிமிடம் கழித்து அந்த டாக்டர் மாரடைப்பில் விழுந்தார்.

"இருபது தடவை பாத்திருக்கேன். எனக்குத் தெரியவே இல்ல சிஸ்டர்" என்றார் அக்கா. அன்றிலிருந்து நானும் நிஜமாகவே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நோயாளி கட்டிலிலிருந்து எழுவதையும், கெட்ட செய்தி கேட்டவன் அடுத்துக் கையை எங்கே வைப்பான் என்பதையும் இந்த மனிதர் எங்கே போய்க் கற்றாரோ. எங்கள் ஆசிரியைகள்கூட இவ்வளவு சரியாகச் செய்து காட்டியதில்லை.

நான்காவது வாரம் ஒரு கேசட்டை மாட்டப் போனேன். அக்கா தடுத்தார். "அது வேண்டாம். அதுல முடிவு இல்ல."

கதை இதுதான். ரயில்வே குமாஸ்தா ஒருவர், மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதால் அவளோடு பேச்சை நிறுத்திவிடுகிறார். ஆறு வருடம் கழித்து, வேலையில் ஓய்வு பெற்ற மறுநாள், குடையும் முகவரி எழுதிய காகிதமுமாக அவள் இருக்கும் ஊருக்கு ரயில் ஏறுகிறார். அவள் தெருமுனையில் வந்து நிற்கிறார். கேசட் டக்கென்று நின்று, தானாகப் பின்னோக்கிச் சுற்ற ஆரம்பித்துவிடும்.

மூல கேசட் ஒரு நாளைக்கு மட்டும் இரவலாகக் கிடைத்ததாம். மூன்று மணி நேர கேசட்டில் இரண்டு படத்தை அடக்க வேண்டும். பதினோரு நிமிடம் இடிக்கிறது. இங்கிலீஷ் படத்தில் கடைசியில் பெயர்கள்தானே ஓடும், அது போனால் யாருக்கு நஷ்டம் என்று தம்பி அப்படியே விட்டுவிட்டார். அந்தக் காலப் படங்களில் பெயரெல்லாம் முதலிலேயே போட்டு முடித்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. மூல கேசட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. வேறு பிரதி கிடைக்கவில்லை.

"அப்ப முடிவு கேட்டவங்களுக்கு என்ன சொன்னீங்க?"

"நானே சொன்னேன்" என்றார் அக்கா. "கதவைத் தட்டுறாரு. மக திறக்கிறா. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. அவ கையை நீட்டி அவர் கையில இருக்கிற குடையை வாங்கிக்கிறா. அவ்வளவுதான்."

"நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருந்ததாலதான் வம்பு" என்றார் தம்பி.

அந்தக் கேசட்டை முதலில் எடுத்துப்போனவர் ஒரு தபால்காரர். மறுநாள் காலையில் சீருடையோடு வந்து, "முடிவு எங்கே?" என்று சத்தம் போட்டிருக்கிறார். அக்கா கதவையும் குடையையும் சொன்னார். தபால்காரர் கேசட்டை வைத்துவிட்டுப் போனார். அவரும் தன் மகளோடு நாலு வருடமாகப் பேசாமல் இருந்தவர் என்பது அக்காவுக்கு அப்போது தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் மகள் வீட்டுக் கதவைத் தட்டினார். திரும்பி வந்து கடை வாசலில் நின்று, "நீங்க சொன்ன மாதிரியே நடந்துச்சுக்கா. பேசவே இல்ல. என் பையை வாங்கிக்கிட்டா" என்றாராம். இப்போது அந்த மகளோடுதான் இருக்கிறார், நான்கு தெரு தள்ளி.

"அவருக்கு அது என் முடிவுன்னு தெரியாது சிஸ்டர். அவர் படத்தை நம்பிப் போனார்" என்றார் அக்கா. "நெஜ முடிவு என்னன்னு என் கண்ணால பாக்கணும். பாத்துட்டு அவர்கிட்ட ஒத்துக்கணும். அதுக்கு முன்னாடி இந்தக் கண்ணு போயிடக் கூடாது."

வெளிநாட்டில் வேலை பார்க்கும் தம்பி மகளுக்கு விஷயம் தெரிந்து, அந்த நடிகரின் படங்கள் முழுவதையும் டிஸ்க்குகளாகத் தேடி வாங்கி அனுப்பியிருந்தாள். ஐந்தாவது வாரம் பெட்டி வந்தது. பார்சல் வந்த நேரம் அக்கா மதியத் தூக்கத்தில் இருந்தார். டிஸ்க் ஓடுகிறதா என்று பார்ப்போம் என்று சொல்லித் தம்பி அந்தப் படத்தை எடுத்து, சத்தத்தைக் குறைத்து, நேராகக் கடைசிப் பகுதிக்குப் போனார். நானும் நின்று பார்த்தேன்.

மனிதர் தெருவில் நடக்கிறார். எதிர்ச் சாரியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, இருட்டும்வரை மகள் வீட்டையே பார்க்கிறார். எழுந்து போய்க் கதவின் முன் நிற்கிறார். கையைத் தூக்குகிறார். கதவில் வீட்டு எண் தகடு ஓர் ஆணி கழன்று சாய்ந்து தொங்குகிறது. தூக்கிய கையால் அதை நேராக்கி, கட்டைவிரலால் அழுத்துகிறார். பிறகு திரும்பி நடக்கிறார். படம் முடிந்தது.

தம்பி டிஸ்க்கை வெளியே எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கேலி இல்லாத அவர் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சிஸ்டர், டிஸ்க் கீறல் விழுந்து வந்திருக்குன்னு சொல்லிடலாம். அவளுக்கென்ன தெரியப்போகுது?"

"நான் நோயாளிகிட்ட மாத்திரைப் பேரைக்கூட மாத்திச் சொன்னதில்ல."

"இது மாத்திரையா? முப்பது வருஷமா, தபால்காரரை மககிட்ட அனுப்பின அந்த ஒரு விஷயத்துலதான் அவ தலை நிமிர்ந்து நிக்கிறா. தப்பு பண்ணவன் நான். பதினோரு நிமிஷம்."

"தப்பு உங்களோடது, சரி. முடிவு அவங்களோடது. அவங்கதான் பாக்கணும்."

அக்கா எழுந்ததும் முகம் துடைத்துவிட்டு, டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "டிஸ்க் வந்துடுச்சு. கடைசியைப் பாத்துட்டோம். நீங்க சொன்ன மாதிரி இல்ல."

டீயைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினார். நான் வாங்கிக்கொண்டேன்.

"எப்படி இருக்குன்னு சொல்லாதீங்க" என்றார். "தபால்காரரைக் கூப்பிடு தம்பி. அவரில்லாம போடக் கூடாது."

"நீ மட்டும் முதல்ல பாத்துக்கோயேன்."

"பாத்துட்டேன்னா அவர்கிட்ட சொல்லாம இருக்க வழி தேடுவேன். என்னை எனக்குத் தெரியாதா? கூப்பிடு."

மறுநாள் மாலை ஐந்து மணிக்குத் தபால்காரர் வந்தார். எழுபத்தாறு வயது, இன்னும் நீள எட்டு வைத்து நடப்பவர். அக்காவைவிட மூத்தவர்தான், ஆனாலும் ஊர் வழக்கப்படி அவருக்கும் இவர் அக்கா. உட்கார்ந்ததும் அக்கா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தபால்காரரே, உங்ககிட்ட ஒண்ணு ஒத்துக்கணும். அந்த ரயில்வே குமாஸ்தா படத்தோட முடிவை நான் பாத்ததே இல்ல. இவன் வெட்டிட்டான். நானா கட்டிச் சொன்னேன்."

தபால்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி ஜன்னலைப் பார்த்தார்.

"எதுவரைக்கும் நெஜம்?"

"தெருமுனை வரைக்கும்."

"கதவு?"

"நான் வச்சது."

"குடை?"

"குடை அவரோடது. மக வாங்கினது என்னோடது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை. "சரி, போடுங்க. என்னதான் பண்றார்னு பாப்போம்."

விளக்கை ஏற்றினேன். ஊசி போட்ட வாரம் என்பதால் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து. அடுத்தது ஏழு மணிக்கு. படத்தை முதலிலிருந்து போட்டோம். அக்கா விளக்கைப் பார்த்தார், நாங்கள் மூவரும் திரையில் அவரைப் பார்த்தோம். தெருமுனை வந்தது. கேசட் நிற்கிற இடம் வந்ததும் தம்பி தன்னை அறியாமலே எழுந்தார். திருப்பிச் சுற்றிப் பழகிய கால். படம் ஓடிக்கொண்டிருக்க, மறுபடியும் உட்கார்ந்தார்.

டீக்கடை. இருட்டு. கதவு. கை உயர்ந்தது. தகட்டை நேராக்கியது. மனிதர் திரும்பி வலது பக்கமாக நடந்தார். நாங்கள் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். திரை இருண்டது.

"தட்டலையா?" என்றார் அக்கா.

"தட்டல" என்றார் தபால்காரர்.

"நீங்க தட்டினீங்களே."

"நான் தபால்காரன்க்கா. ஒரு வாசலுக்குப் போயிட்டுத் தட்டாமத் திரும்ப எனக்குக் கால் வராது." திரையைக் காட்டிச் சொன்னார். "போன்னு நீங்க சொன்னீங்க, போனேன். இவர் சொல்லியிருந்தா வாசல் வரைக்கும் போய் நம்பரை நிமித்திட்டு வந்திருப்பேன். என் பேத்திக்கு யார் பேர் வச்சிருப்பா?"

தம்பி சத்தமாக மூக்கைச் சிந்தினார். வெங்காயம் நறுக்கிய கை என்றார். அன்று சமையலில் வெங்காயமே இல்லை.

அக்கா இன்னும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது சரி, லைட்டை யார் போட்டது?"

"எந்த லைட்டு? சிஸ்டர் போட்டது" என்றார் தம்பி.

"படத்துல. அவர் திரும்பி நடக்கும்போது இடது பக்கம் மேல பளிச்சுன்னு ஒண்ணு வந்துச்சே."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நானும் தம்பியும் இரண்டாவது முறை பார்க்கிறோம், எதுவும் இல்லை. கெட்டுக்கொண்டிருக்கிற கண்ணில் இல்லாத வெளிச்சம் தெரிவதுண்டு, அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன். அதைச் சொல்லாமல், கடைசி நிமிடத்தைத் திருப்பிப் போட்டேன். இந்த முறை அவர் முதுகைப் பார்க்காமல் கதவைப் பார்த்தேன்.

இருந்தது. கதவுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். அவர் திரும்பி நாலு அடி வைத்த பிறகு அதன் பின்னால் விளக்கு எரிகிறது. இரண்டு விநாடி. திரை இருள்கிறது.

நேரே பார்க்கிற கண்ணெல்லாம் அந்த மனிதரோடு போய்விடும்; அவர் அப்படிப்பட்ட நடிகர். ஓரக் கண் மட்டுமே உள்ள ஒருவருக்குத்தான் கதவு தெரிந்தது. மூன்று முறை போட்டுப் பார்த்தோம். மூன்றாவது முறை தம்பி தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்துக் காட்டினார், ஏதோ தானே ஏற்றியதுபோல.

"பாத்தியா, நீ வெட்டினது பேர் இல்ல. இந்த வெளிச்சம்" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. "முப்பது வருஷம் அவருக்கு நான் கதவைத் திறந்துவிட்டேன். அவர் ஒரு தகட்டை நிமித்தியே எல்லாத்தையும் சொல்லிட்டாரே. இப்படி ஒரு மனுஷன்!"

தபால்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். அன்றைக்குக் கடை வாசலிலும் இப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். "அப்புறம் என்ன ஆச்சுக்கா?"

"நான் இனிமே சொல்ல மாட்டேன். பொய்யாயிடும்."

"லைட்டு எரிஞ்சது பொய்யா?"

அக்கா யோசித்தார். "லைட்டு எரிஞ்சாச்சு. அப்ப மக முழிச்சிருக்கா. மாடியிலேருந்து இறங்கி வரணும், தாழ்ப்பாளை எடுக்கணும். அதுக்குள்ள அவர் எவ்வளவு தூரம் போயிருப்பார்?"

எல்லோரும் ஏனோ என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "டீக்கடையில எழுந்திரிக்கும்போது மேஜையை ஊன்றித்தான் எழுந்தார். திரும்பும்போது மக வீட்டு வாசப்படியில ஒவ்வொரு படிக்கும் இடது காலை முதல்ல இறக்கினார். இடது முழங்கால் சரியில்ல. வேகமா நடக்க மாட்டார்."

"அப்ப பிடிச்சுடலாம்" என்றார் தபால்காரர்.

"தெருமுனைக்குள்ள" என்றார் அக்கா.

மணி ஏழு பத்து. என் வேலையில் சொட்டு மருந்து பத்து நிமிடம் தாமதமானது அந்த ஒரு நாள்தான். அக்கா தலையைச் சாய்த்துக் கொடுத்தார். மருந்து விழுந்த கண்ணை மூடியபடியே, தம்பியிடம், அடுத்த டிஸ்க்கைப் போடச் சொன்னார்.